காலண்டரிலிருந்து இறங்கிய ஜன்னல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் எனக்கு ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேரைக் கம்பிக்குப் பின்னால் வைத்தவன் நான்தான் என்று புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் சொல்வேன். சிலர் என்னைப் போலீஸ் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். உண்மையில் பயந்து தள்ளி நிற்கிற ஆள் நான்தான். பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து வந்தவன். பயம் வந்தால் என் கை நடுங்காது, முகம் வெளுக்காது. வாய் மட்டும் ஓயாமல் பேசும். நான் தமாஷ் பண்ண ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரி, "இப்ப இன்னா ஆச்சு?" என்று கேட்பாள்.

இப்படிப்பட்டவனிடம் ஒரு சந்தை நாள் மதியம் ஒரு அம்மா வந்து, கம்பி இல்லாத ஜன்னல் வேண்டும் என்றார்.

கரியாலூர் தாண்டி உள்ளே ஏதோ மலைக்கிராமம். நாற்பது வயதிருக்கும். புது வீடு கட்டுகிறார்கள். சுவர் எழும்பி, தளமும் போட்டாகிவிட்டது. பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். மழைக்காகிதம் சுற்றி, அதற்கு மேல் சணல் கட்டி, நிலப் பத்திரத்தைப் போலப் பாதுகாத்து வந்திருந்தார். பிரித்தால், காலண்டர் தாள். பெயின்ட் கடையில் கொடுக்கிறார்களே, அந்தப் பெரிய மாதக் காலண்டர். தேதிகளைக் கத்தரித்து எறிந்துவிட்டு மேலிருந்த படத்தை மட்டும் வைத்திருந்தார்.

ஒரு ஜன்னல். அதன் பலகையில் ஒரு பச்சை ஜாடி, ஜாடி நிறையப் பூக்கள். சிவப்பு, ஆரஞ்சு, நடுவில் ஒன்றே ஒன்று வெள்ளை. ஒவ்வொரு இதழும் ஒரே இழுப்பில் வந்தது போல இருந்தது. வரைந்தவருக்கு அவசரமா, அலட்சியமா, தெரியவில்லை. பூவெல்லாம் ஜாடியை விடப் பெரிது. ஜன்னல் சட்டம் நீலம். அதற்கு அப்பால், கீழே, ஒரு நகரம்: ஒன்றின் தோள் மேல் ஒன்று ஏறி நிற்கும் வெள்ளையும் மஞ்சளுமான பெட்டி வீடுகள், செங்கல் நிறக் கூரைகள், கழுத்து வளைந்த ஒரு கோபுரம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நீலக் கோடு. ஆள் நடமாட்டம் இல்லை.

எல்லாம் சரி. ஆனால் அந்த ஜன்னல் கோணல். இடது சட்டம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வலது சட்டமும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. காற்றில் சாய்ந்த கரும்பு போல மொத்தமும் ஒரே பக்கம் போயிருந்தது. வரைந்தவர் வாழ்நாளில் ஒரு மூலைமட்டத்தைத் தொட்டதில்லை என்பது மட்டும் எனக்கு உறுதி.

"அண்ணா, இதே மாரி ஒரு ஜன்னலு வோணும்."

"பூவோடவா, பூ இல்லாமயா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் டிசைன் நோட்டைப் புரட்டினேன்.

"கம்பி டிசைன் இன்னா போடட்டும்மா? சூரியன் இருக்குது, மயிலு இருக்குது, தாமர இருக்குது."

"படத்துல கம்பி இருக்குதா?"

"இல்ல."

"அப்ப வோணாம்."

"கொரங்கு வருமேம்மா."

"வரட்டும்."

முப்பது வருஷமாகக் குரங்கு, திருடன், பூனை, தவறி விழும் குழந்தை என்று பயம் காட்டித்தான் என் தொழில் நடக்கிறது. 'வரட்டும்' என்று ஒருத்தர் சொன்னால் அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

"கதவு?"

"அது வோணும். மழைக்குச் சாத்தணும்ல? அது ஒண்ணு நீயா வெச்சிக்கோ. மத்ததெல்லாம் இதே மாரி. இந்தப் பலக முக்கியம்." விரல் ஜாடிக்குக் கீழே இருந்த அகலமான பலகையின் மேல் ஓடியது.

"எல்லாமே இதே மாரியா?"

"எத்தினி தடவ கேப்ப? ஆமா."

அப்போதே, 'அம்மா, இது கோணலா இருக்குதே, அதுவுமா?' என்று வாய் திறந்து கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. கேட்கவில்லை. ஏனென்றால் இப்போதெல்லாம் கோணல்தான் ஃபேஷன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கிழிந்த பேன்ட்டைப் புதிது என்று விற்கிறார்கள். மலையிலிருந்து வந்த அம்மாவுக்குத் தெரிந்த ஃபேஷன் டவுனில் பட்டறை வைத்திருப்பவனுக்குத் தெரியவில்லை என்றால் என் மானம் என்னாவது? ஆகவே தலையை ஆட்டினேன்.

பிறகு அளவு கேட்டேன். மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். அதில் இரண்டு முடிச்சு. நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை அகலம். அடுத்தது வரை போனால் உயரம். "மேஸ்திரிகிட்டயும் இந்தப் படத்தக் காட்டிட்டேன். அவரு சொவத்துல வழி வுட்டுட்டாரு. வெள்ளிக்கிழம விடியக்காலம் பாலு காய்ச்சறோம். அதுக்கு முன்ன வந்துடணும்."

"வர்லன்னா?"

"வூட்டுக்காரரு செங்கல்லு வெச்சி அடச்சிடுவேன்றாரு. கம்பி இல்லாத ஓட்ட வூட்டுக்கு ஆவாதாம். பாலு பொங்கிட்டா ஒரு வருசத்துக்குச் சொவத்துல உளி படக்கூடாது, எங்க வழக்கம். அடச்சா அடச்சதுதான்." படத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் இந்த வூட்ல," என்றார்.

எதற்கு என்று நான் கேட்டேன். "வந்து மாட்டு, தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அந்தப் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். வேலைக்கு மாடல் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது சாக்கு. உண்மையில் என்னால் அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எந்த ஊர் அது? யார் வீட்டு ஜன்னல்? எதற்காக அந்த அம்மாவுக்கு அது வேண்டும்?

டீ கொண்டுவருகிற கடைக்காரர் ஒரே பார்வையில், "பாண்டிச்சேரி. ப்ளூ தெரியுதுல்ல, கடலு," என்றார். துபாயில் இருந்துவிட்டு வந்த என் வாடிக்கையாளர் ஒருவர், அது துபாயின் பழைய பக்கம் என்று சத்தியம் செய்தார். ஒரு ஆட்டோக்காரர் மட்டும், "தியாகதுருகம் கோட்ட மேல ஏறி நின்னு பாத்தா இப்பிடித்தாம்பா இருக்கும்," என்றார். அப்புறம் அவரே, "கடலு மட்டும் இருக்காது," என்று ஒப்புக்கொண்டார். பூக்கார அம்மாவிடம் இது என்ன பூ என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா பூவோ, ஆனா இத கட்ட முடியாது. காம்பே இல்ல," என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரி மதியச் சோறு கொண்டுவந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "ஊரு எதுவா இருந்தா இன்னாங்க? அந்த வூட்ல ஒருத்தரும் இல்ல பாருங்க. ஜன்னல தொறந்து போட்டுட்டு, பூவ வெச்சிட்டு, எங்க போனாங்க?"

அதுவரை எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆளில்லாத வீடு, திறந்த ஜன்னல், கம்பியும் இல்லை. ஒரு காலண்டர் வீட்டைப் பூட்டாமல் விட்டுவிட்டார்களே என்று அன்று சாயங்காலம் முழுக்க நான் பதறிக்கொண்டிருந்தேன். வாய் தன்பாட்டுக்குத் தமாஷ் பண்ணியது. வீட்டுக்காரி புரிந்துகொண்டு மோர் கொடுத்தாள்.

கோணல் விஷயத்தில் மட்டும் உறுதி செய்துகொள்ளலாம் என்று மேஸ்திரிக்குப் போன் செய்தேன். கரியாலூர்ப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும். மேஸ்திரி ஏதோ ஒரு பாறை மேல் ஏறி நின்று பேசினார்.

"மேஸ்திரி, ஜன்னல் வழி கோணலாவா வுட்டிருக்கீங்க?"

"படத்துல எப்பிடி இருக்குதோ அப்பிடி. அந்தம்மா ஒண்ணும் மாத்தாதன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சி."

"வலது பக்கம் சாஞ்சாப்புலதான?"

"ஆமாம்பா, வலது பக்கம்தான். படம் ஒண்ணுதான?"

நிம்மதி. இரண்டு பேர் ஒரே கோணலில் இருந்தால் அது கோணல் இல்லை.

பட்டறைத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: மாடல் என்றால் மாடல். அதை நான் கற்றுக்கொண்டது ஒரு கேட்டில். வாடிக்கையாளர் கொடுத்த போட்டோவில் மயில் இடப்பக்கம் பார்த்தது. என் கேட்டில் அது வலப்பக்கம் பார்த்துவிட்டது. மயிலைத் திருப்பு, இல்லையென்றால் கேட்டைத் திருப்பு என்று சொல்லிப் போய்விட்டார். அந்தக் கேட் இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. மயிலின் கழுத்தில் என் பனியன் காய்கிறது. அதன்பிறகு மாடலில் உள்ள எதையும் நான் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் செய்து பார்த்தால்தான் தெரியும் கஷ்டம். எந்தச் சட்டத்தைச் சேர்த்தாலும் மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்த கை இது. இப்போது வரக்கூடாது. வந்தால் தப்பு. பொட்டு வெல்டிங் வைக்கும்போதெல்லாம் கை தன்னிச்சையாகச் சட்டத்தைத் தட்டி நேராக்கிவிடும். நான் திரும்பக் கோணலாக்குவேன். நல்ல பிள்ளையைக் கெடுக்கிற வேலை.

கதவு மாட்டியதும் இன்னொரு வேடிக்கை. சாய்ந்த சட்டத்தில் கீல் வைத்தால் கதவுக்குச் சொந்த புத்தி வந்துவிடுகிறது. ஒரு கதவு திறந்து விட்டால் தானாகச் சாத்திக்கொண்டது. மற்றது சாத்தி விட்டால் தானாகத் திறந்துகொண்டது. என் கல்யாணம் எனக்கு ஏனோ ஞாபகம் வந்தது. உட்பக்கம் ஒரு கொக்கி வைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். படத்தில் இருந்தபடியே அடியில் அகலமாக ஒரு இரும்புப் பலகை, வீட்டுக்குள் நீட்டிக்கொண்டு. நீல பெயின்ட்.

அதோடு விட்டேனா? இல்லை. கம்பி இல்லாத ஜன்னலை என் பட்டறையிலிருந்து அனுப்பப் போகிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பட்டறைப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். யாருக்கும் சொல்லாமல் தனியாக ஒரு கிரில் அடித்தேன். நேரான, சதுரமான, தாமரை போட்ட கிரில். கடைசி நிமிஷத்தில் அந்த அம்மா மனம் மாறினால்? அதைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஜன்னலையும், தார்ப்பாயோடு கிரிலையும் மச்சானின் குட்டியானை வண்டியில் ஏற்றினோம்; சுவரிலிருந்த படத்தையும் உரித்து எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரியின் தம்பிதான் மச்சான். சொந்த வண்டி, சொந்த வேகம். கோமுகி அணை வரை நான் அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன். மலை ஏற ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமா, தூங்கறீங்களா?"

"இல்லடா, இயற்கைய ரசிக்கறேன்."

"கண்ண மூடிக்கினா?"

"மூடிக்கினாத்தான் முழுசா தெரியுது. நீ ரோட்டப் பாரு."

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் ஜன்னல் ஒரு பக்கம் சாய்ந்து 'டங்' என்றது. ஏற்கெனவே சாய்ந்த ஜன்னல் இன்னும் எவ்வளவு சாயும் என்று மனது கணக்குப் போட்டது.

கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது மதியம். சரிவில் வீடு, கீழே சாமைக் கொல்லை, கதிர் முற்றிப் பழுப்பு ஏறி நின்றது. அதற்கப்பால் எதிர்மலை. முதல் வேலையாக நான் நகரத்தைத் தேடினேன். பெட்டி வீடு இல்லை, கோபுரம் இல்லை, நீலக் கோடு இல்லை. அந்த அம்மா எதைப் பார்க்க ஜன்னல் கேட்டார் என்ற ஆவல் இன்னும் கூடியது.

வாசலில் மாவிலைத் தோரணம் தயார். ஜன்னல் வழிக்குக் கீழே வெளிப்பக்கம் செங்கல்லும் தயார், அழகாக அடுக்கி. அதன் பக்கத்தில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். என்னைப் பார்த்து, "வா," என்றார். ரொம்ப நேரத்துக்கு அவர் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

நானும் மச்சானும் சட்டத்தை உள்ளே தூக்கிப் போய், சுவரில் வைத்து, நிமிர்ந்தோம்.

சட்டம் வலப்பக்கம் சாய்ந்தது. சுவரில் இருந்த வழி இடப்பக்கம் சாய்ந்தது.

இரண்டும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறி போட்டன.

"மேஸ்திரி!" என்றேன். என் குரல் எனக்கே வீட்டுக்காரியின் குரல் போலக் கேட்டது. "வலதுன்னு சொன்னீங்களே!"

மேஸ்திரி வெளியே சாரத்தின் மேல் நின்றிருந்தார். "வலதுதான்பா. இங்க வந்து நின்னு பாரு."

"நா உள்ள நிக்கறேன். வரஞ்ச ஆளும் உள்ளதான் நின்னாரு. பூ உள்ள, ஊரு வெளிய. அப்ப உள்ளருந்துதான பாக்கணும்?"

"கட்டறவன் எங்க நிப்பான்? சாரம் வெளியதான் இருக்குது. படத்தச் சொவத்துல குத்திவெச்சி, பாத்துப் பாத்துக் கட்டினேன். உன்ன யாரு உள்ள நிக்கச் சொன்னா?"

"இடிச்சி நேராக்கிடலாமா?"

"இடிச்சா மேல சொவத்தத் தாங்கற லிண்டலு பேத்துக்கும். அத முட்டுக்கொடுத்து, கட்டி, காஞ்சி... நாளைக்கு ஆவாது."

நான் பேச ஆரம்பித்தேன். ஜன்னல் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகப் பார்க்கிறது என்றேன். சட்டமும் சுவரும் ஜாதகம் பொருந்தவில்லை என்றேன். மச்சானுக்கு என்னைத் தெரியும். அவன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து, ஒரு செங்கல்லைத் தூக்கி, வேட்டியால் அதன் தூசியைத் துடைத்தார். அவ்வளவுதான் செய்தார். ஒருத்தர் இத்தனை அமைதியாகச் செங்கல் துடைத்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து வந்தார். சுவரைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"கோணலா இன்னாத்துக்கு வுட்டீங்க ரெண்டு பேரும்?"

மேஸ்திரி வெளியேயும் நான் உள்ளேயும் ஒரே சமயத்தில், "படத்துல கோணலாதான இருக்குது!" என்றோம்.

"படத்துல பூவு கூடத்தான் சட்டிய வுட பெருசா இருக்குது."

மேஸ்திரி கரணையைத் தேட ஆரம்பித்தார்; அந்த அம்மா நிறுத்தவில்லை.

"சொவத்துல கோணலா ஓட்ட வுட்டப்பவே பாத்தேன். டவுனு மேஸ்திரி, டவுனு பட்டற, ஏதோ புதுசா செய்யறாங்கன்னு வுட்டுட்டேன். நா கேட்டது கம்பி இல்லாத ஜன்னலு. அத மட்டுந்தான் கேட்டேன்."

ஆக, எனக்குத் தெரியாத ஃபேஷன் அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். அவருக்குத் தெரியாத ஃபேஷன் எங்களுக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். யாருக்கும் வேண்டாத ஒரு கோணலைப் பொறுப்பாக மலை மேல் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறோம்.

வெளியே வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ஆவாதுன்னு ஆயிடுச்சி. கம்பி இல்லாத ஓட்ட எதுக்கு? அடச்சிடறேன்."

"இரு!" அந்த அம்மா என் கையிலிருந்த காலண்டர் தாளைப் பிடுங்கினார். சுவர் வழியில் அதை இரண்டு கையாலும் விரித்து, வெளியே நிற்கிற கணவருக்குத் தெரியும்படி காட்டினார். "நீயே பாரு. கம்பி இருக்குதா இதுல? இவங்கல்லாம் இப்பிடி வெச்சிக்கினு நிம்மதியா இல்ல? எனக்கு மட்டும் ஏன் ஆவாது?"

கணவர் படத்தின் முகத்தைப் பார்த்தார். உள்ளே அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த நான் படத்தின் முதுகைப் பார்த்தேன்.

வெளியே நல்ல வெயில். உள்ளே இருட்டு. தாள் வழியாகப் படம் மங்கலாகத் தெரிந்தது. ஜாடி இடம் மாறியிருந்தது. கோபுரம் வேறு பக்கம் கழுத்தை வளைத்தது. ஜன்னல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அந்த அம்மா பிடித்திருந்த சுவர் வழியைப் போலவே.

அத்தனை நாள் அந்தப் படத்தை உற்று உற்றுப் பார்த்தவன், இன்னும் கொஞ்சம் போனால் அந்த வீட்டுக்கு வாடகை கொடுத்திருப்பேன். அதைப் பின்னாலிருந்து பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

"மச்சான், சட்டத்தத் திருப்புடா. உள்பக்கம் வெளிய, வெளிபக்கம் உள்ள!"

திருப்பினோம். வைத்தோம். ஒரு பக்கம் கொஞ்சம் இடித்தது. மேஸ்திரி கரணையால் இரண்டு தட்டு தட்டினார். சட்டம் மனசில்லாமல் உட்காருகிற மாப்பிள்ளை மாதிரி முனகிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தது. வீட்டுக்காரர் கையிலிருந்த செங்கல்லைத் திரும்ப அடுக்கின் மேல் வைத்தார். "சரி," என்றார்.

சிமென்ட் பூசி முடிக்கும்போது பலகை வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவுகள் உள்பக்கம் திறந்தன. நான் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் பலகையைக் காட்டினேன். "வெளிய இருந்தா இன்னும் வசதி," என்றார் அந்த அம்மா. எதற்கு வசதி என்று இப்போதும் சொல்லவில்லை. அதற்குள் பனி இறங்கிவிட்டது; பனியில் அந்த வளைவுகளில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை என்பதை, "பால் காய்ச்சறத பாக்காம போனா மரியாத இல்லடா," என்று மச்சானிடம் சொன்னேன்.

விடியற்காலம் புது அடுப்பில் புதுப்பானை. உறவுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். எல்லோரும் பானையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நுரை மெல்லத் தலை தூக்கியது. அப்போது அந்த அம்மா மட்டும் காதைத் திருப்பினார். கரண்டியைக் கணவர் கையில் திணித்தார். நேராக ஜன்னலுக்குப் போனார். முழங்கையைப் பலகையில் ஊன்றி, இடுப்பு வரைக்கும் வெளியே போய், ஒரு தட்டை எடுத்துக் கல்லால் அடித்தார் பாருங்கள்.

"ஏய்ய்ய்! சூ! ஏய்!"

நான் எகிறிக் குதித்ததில் கையிலிருந்த காப்பி மச்சானின் சட்டையில். கீழே சாமைக் கொல்லையிலிருந்து பச்சைக் கிளிகள் ஒரு போர்வை போல எழும்பி எதிர்மலைக்குப் போயின. பின்னால் எல்லோரும், "பொங்கிடுச்சி, பொங்கிடுச்சி!" என்று சத்தம் போட்டார்கள். அந்த அம்மா ஜன்னலிலிருந்தே தலையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"இதுக்குத்தானாம்மா?"

"பின்ன? பழைய வூட்ல அடுப்பாண்ட ஒரு ஓட்டையும் கிடையாது. சத்தம் கேக்கும். ஓடிப் போயி பாத்தா கிளி தின்னுட்டுப் போயிருக்கும். திரும்பி வந்தா களி அடிபிடிச்சிருக்கும். வருசா வருசம் இதே ஓட்டம். கம்பி வெச்சா கை மட்டுந்தான் போவும். கொல்லையோட அந்தக் கோடி தெரியாது. பெயின்ட் கடையில இந்தப் படத்தப் பாத்தேன். ஆளு வெளிய சாயலாம், கைய ஊனப் பலக இருக்குது. இதான்னு கேட்டு வாங்கியாந்தேன்."

"அப்ப அந்தப் பூவு?"

"எந்தப் பூவு?" தட்டைக் கீழே வைத்தார். "ஓ, அதுவா. அது மறைச்சிக்கினு இருக்குது. எடுத்துட்டா நல்லா தெரியும்."

"அந்த ஊரு?"

"ஒண்ணும் வெளையறாப்புல தெரியல. காவலுக்கும் ஆளு இல்ல. அதான் பூவ வெச்சிட்டாங்க போல."

படத்தை என்னிடமே கொடுத்தார். "எனக்கு எதுக்கு? ஜன்னலே வந்துடிச்சி." வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் எட்டிப் பார்த்து, "அது இன்னாது?" என்றார். தாமரை கிரில். நான் ஏதோ உளறினேன். "இங்கயே போட்டுட்டுப் போ," என்றார். மனம் மாறிவிட்டார் என்று எனக்கு உள்ளூர ஒரு வெற்றி.

பாதி மலை இறங்கியிருப்போம். கண்ணை மூடி இயற்கையை ரசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தக் கொக்கி ஞாபகம் வந்தது. நான் உட்பக்கம் வைத்த கொக்கி. சட்டத்தைத் திருப்பினோம். உட்பக்கம் வெளியே போனது. கொக்கியும் வெளியே போயிருக்கிறது!

கம்பியும் இல்லாமல், உள்ளிருந்து தாழ் போடவும் முடியாமல், வெளியிலிருந்து மட்டும் பூட்டக்கூடிய ஜன்னலை உலகத்திலேயே முதன்முதலாக நான்தான் செய்திருக்கிறேன். குரங்குக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போன் போகவில்லை. திரும்பு என்றேன். மச்சான் காப்பிக் கறைச் சட்டையைக் காட்டி முடியாது என்றான்.

அடுத்த வாரம் புதுத் தாழ்ப்பாளும் துளை போடுகிற மெஷினும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சுவரில்தானே உளி படக்கூடாது, இரும்பில் படலாம் என்று வழியெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். வாசலில் என் தாமரை கிரில் கோழிகளுக்கு மேல் மூடியாகக் கிடந்தது. தாமரை இதழ் ஒன்றின் வழியாக ஒரு சேவல் தலையை நீட்டி என்னை விசாரித்தது.

"கொரங்கு வந்துச்சாம்மா?"

"வந்துச்சி. பலகையில ஒக்காந்து என்னப் பாத்துச்சி. நா உள்ளருந்து அதப் பாத்தேன். தட்டத் தூக்கினேன், போயிடிச்சி."

"தாழ்ப்பா..."

கையைக் காட்டினார். இரண்டு கதவையும் சேர்த்து உள்ளிருந்து கட்டியிருந்தது ஒரு சணல் கயிறு. அளவுக்குக் கொண்டுவந்தாரே, அதே இரண்டு முடிச்சுக் கயிறு. முதல் முடிச்சைக் கைப்பிடியில் மாட்டினால் கதவு சாத்திக்கொள்கிறது. அடுத்ததில் மாட்டினால் முகம் போகிற அளவுக்குத் திறந்து நிற்கிறது. என் தாழ்ப்பாளைப் பையிலிருந்து நான் எடுக்கவே இல்லை.

அந்த அம்மா முடிச்சை உருவிவிட்டார். ஒரு கதவு அசையாமல் நின்றது. மற்றது யாரும் தொடாமல் மெல்ல, மரியாதையாக, தானே திறந்துகொண்டது. கொல்லை தெரிந்தது.

"விடியக்காலம் கயித்த வுட்டா போதும், அதுவே தொறந்துக்குது. இத மட்டும் எப்பிடி செஞ்ச?"

"அது புது மாடலும்மா," என்றேன்.

படம் இப்போதும் பட்டறையில்தான் இருக்கிறது. யாராவது வந்து எந்த ஊர் என்று கேட்காத வாரம் இல்லை. எனக்கு அந்த ஊரைப் பற்றிய கவலை தீர்ந்துவிட்டது. அந்தப் பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது பிரச்சினை. ஒருநாள் யாரும் இல்லாதபோது, அந்த அம்மா சொன்னதைப் போலப் பூவை எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று, உள்ளங்கையால் பூக்களை மூடிக்கொண்டு ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தேன். இன்னும் ஜாஸ்தி மறைந்தது. பின்னால் வீட்டுக்காரி சோற்றுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப இன்னா ஆச்சு?" என்றாள்.